அழகிய பொறுமையும் ஒரு குறிப்பேடும்





இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஏறத்தாழ ஓராண்டு தயங்கினேன். பெண்ணின் மார்பில் வந்த நோயைப் பற்றிப் பொதுவில் பேசுவது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருத்தி பேசுவது இன்னும் வழக்கமில்லை. என் கணவரிடமும் ஊரிலிருக்கும் உம்மாவிடமும் அனுமதி கேட்டேன். இருவரும் எழுதச் சொன்னார்கள். "யாரேனும் ஒரு பெண்பிள்ளைக்குப் பயன்படுமானால் எழுது மகளே" என்றார்கள் உம்மா. அந்தச் சொல்லை நம்பியே எழுதுகிறேன்.

நான் காயல்பட்டினத்தில் பிறந்தவள். நிக்காஹ் முடிந்து கணவரோடு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று, இங்குள்ள வார இறுதி மதரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் நபிமார்களின் வரலாறும் கற்பித்து வருகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன்பு, என் 43ஆம் வயதில், இடது மார்பில் ஒரு சிறு கட்டி தென்பட்டது. மேமோகிராம், அதன்பின் ஊசியால் திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை, அதன்பின் ஒரு தொலைபேசி அழைப்பு. புற்றுநோய் என்றார்கள். இரண்டாம் நிலை.

முதல் சந்திப்பில் மருத்துவர் கேட்டார்: "உங்கள் குடும்பத்தில் தாய், பாட்டி, சகோதரி என யாருக்கேனும் இந்த நோய் இருந்ததா?" இல்லை என்றேன். அறிந்து பொய் சொல்லவில்லை. நான் அறிந்த வரையில் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை. இந்தப் பதிலுக்குப் பின்னர் மீண்டும் வருகிறேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் கீமோதெரபி தொடங்கியது. இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை என நான்கு தடவை டாக்ஸோரூபிசின் என்னும் சிவப்பு மருந்து, அதனுடன் இன்னொன்று. பின்னர் வாரந்தோறும் 12 முறை பாக்ளிடாக்ஸல். முதல் மருந்தேற்றி மூன்றாவது வாரம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கணவர் என் தலையை மழித்துவிட்டார்.

மற்ற பெண்கள் இந்த நிலையில் வெளியே தெரிந்துவிடுவார்கள். எனக்கோ முக்காடு இருந்தது. பள்ளிவாசலில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெண்கள் ஒளுச் செய்யும் இடத்தில் முக்காட்டைத் தளர்த்த நேரும் என்பதால் வீட்டிலேயே ஒளுச் செய்துகொண்டு போவேன். மருந்தேற்றிய மறுநாள்களில் மதரஸாவுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒற்றைத் தலைவலி என்றேன். ஊரிலிருந்து நாள்தோறும் வீடியோவில் அழைக்கும் உம்மாவிடம் வேலை அதிகம் என்றேன். "ஏன் மெலிந்துவிட்டாய்?" என்று கேட்டார்கள். "நடைப்பயிற்சி போகிறேன்" என்றேன்.

ஏன் மறைத்தேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உம்மாவுக்கு வயது 70. இரத்த அழுத்தம் உண்டு. என் மகளுக்கு அப்போது 14 வயது. நாளை அவளுக்கு வரன் பார்க்கும்போது தாய்க்கு வந்த நோயைப் பற்றிப் பேச்சு எழுமே என்ற அச்சம். கடல் கடந்து வந்து நல்லபடியாக வாழ்கிறோம் என்று ஊரார் எண்ணியிருக்க, அந்த எண்ணத்தைக் கலைக்க மனமில்லை. இவை அனைத்துக்கும் மேலாக, நான் செய்வது ஸப்ர் என்று நம்பினேன். படைப்பினங்களிடம் முறையிடாமல், அல்லாஹ்விடம் மட்டும் முறையிடுவதே அழகிய பொறுமை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் அல்லவா நான்?

உண்மையில் நான் அல்லாஹ்விடமும் முறையிடவில்லை. தொழுதேன், ஓதினேன், ஷிஃபாவுக்கான துஆக்களைக் கேட்டேன். ஆனால் "ரப்பே, நான் பயப்படுகிறேன்" என்ற ஒரு சொல்லை ஸஜ்தாவில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஈமான் குறைந்துவிடும் என்பது போல அடக்கிக்கொண்டேன். மருத்துவமனையில் மனநல ஆலோசகர் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஈரக்குலை நடுங்குகிறது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அந்தச் சந்திப்பு கால் மணி நேரத்தில் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். மகனை ஓநாய் தின்றுவிட்டது என்று மற்ற மகன்கள் வந்து சொன்னபோது, யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொள்வதாகச் சொன்னார்கள் அல்லவா? ஆண்டுகள் கழிந்து, அடுத்த மகனும் பிரிந்தபோது, துயரத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்றும் குர்ஆன் சொல்கிறது. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கையை உயர்த்தினான். "உஸ்தாதா, அப்படியானால் அவர்களுடைய பொறுமை தீர்ந்து போய்விட்டதா?"

பாடநூலில் உள்ள பதிலைச் சொன்னேன். அழுவது பொறுமைக்கு மாறானது அன்று. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பதும், அவன் வெறுப்பதைப் பேசுவதுமே மாறானவை. நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீமை இழந்தபோது கண்ணீர் வடித்தார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனால் இறைவன் பொருந்திக்கொள்வதையே நாவு சொல்லும் என்று விளக்கினார்கள். ஐயூப் (அலை) அவர்கள் தம்மைத் துன்பம் தொட்டுவிட்டது என்று வாய்விட்டு அழைத்தார்கள். அவர்களைத்தான் அல்லாஹ் பொறுமையாளர் என்று புகழ்கிறான். சிறுவன் தலையசைத்தான். வீடு திரும்பும் வழியில் என்னால் வண்டி ஓட்ட இயலவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, நோய் என்று அறிந்த நாளிலிருந்து முதன்முறையாக அழுதேன். யஃகூப் (அலை) அவர்கள் தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். ஆயினும் அதை வாய் திறந்து சொன்னார்கள். பிள்ளைகளின் காதில் விழுமாறு சொன்னார்கள். நானோ வாயையே திறக்கவில்லை.

மருந்தேற்றும் கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் பல வாரங்களாக ஓர் அம்மையார் அமர்ந்திருப்பார். தைவானிலிருந்து வந்தவர். என்னைப் போலவே அவருக்கும் ஆங்கிலம் சிரமம். ஒரு கையில் மருந்து இறங்கிக்கொண்டிருக்க, மறு கையால் ஒரு குறிப்பேட்டில் சீன எழுத்துகளை எழுதிக்கொண்டே இருப்பார். ஒருநாள் கேட்டேன். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கும் தம் உறவுப் பெண் சொல்லித் தொடங்கியதாகச் சொன்னார். அங்கே நம்மைப் போன்ற பெண்களை அவரவர் மொழியில் எழுதச் சொல்லி ஆராய்ந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து அது பற்றித் தேடி வாசித்தேன்.

இதன் தொடக்கம் 1980களில். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் உளவியல் அறிஞர், கல்லூரி மாணவர்களிடம் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தம் வாழ்வில் தம்மை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார். நிகழ்வையும் அது எழுப்பிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் சென்ற தடவைகள் குறைந்தன. 1986இல் அந்த ஆய்வு வெளியானது. அதன்பின் பல நாடுகளில் பலவகை நோயாளிகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு பயனைக் காட்டவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சியான் லூ என்னும் பெண் ஆய்வாளர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது ஒரு கேள்வியை எழுப்பினார். உணர்வுகளை வெளியே காட்டாமல் இருப்பதே நாகரிகம் என்று வளர்ந்த, குடும்பத்துக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று வாயடைத்துப் போன, ஆங்கிலம் தடுமாறும் குடியேறிய பெண்களுக்கு இம்முறை உதவுமா? தென் கலிபோர்னியாவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட, சீன மொழி பேசும் 19 பெண்கள் அதில் பங்கேற்றனர். வாரம் ஒரு முறை 20 நிமிடம், மூன்று வாரம். முதல் வாரம் மனத்தின் ஆழத்தில் உள்ளதை எழுதுவது. இரண்டாம் வாரம் துன்பத்தை எவ்வாறு எதிர்கொண்டோம் என்பது. மூன்றாம் வாரம் இந்தச் சோதனையில் கிடைத்த நன்மைகள். ஆறு மாதங்களுக்குப் பின் அவர்களின் சோர்வும், நோயின் நினைவு திடீரெனத் தாக்கும் வேதனையும் குறைந்திருந்தன. 2012இல் வெளிவந்த அது சிறிய முன்னோட்ட ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை.

பின்னர் 96 சீன அமெரிக்கப் பெண்களைக் கொண்டு விரிவாக ஆராய்ந்தபோது ஆய்வாளர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. உணர்வுகளைக் கொட்டச் சொன்ன குழுவைவிட, நோயின் விவரங்களை மட்டும் எழுதச் சொன்ன குழுவே கூடுதல் நலம் கண்டது. என்றைக்குக் கண்டறிந்தார்கள், என்ன சிகிச்சை, என்ன மருந்து என்பன போன்ற செய்திகள் மட்டும். இதை வாசித்ததும் என்னுள் ஒரு கதவு திறந்தது. உணர்வை எழுது என்றால் என் கை நகராது. நடந்ததை எழுது என்றால் எழுத முடியும்.

எதில் எழுதுவது? மகளுக்குத் தமிழ் ஓரளவு வாசிக்க வரும். எவர் கண்ணிலும் படக்கூடாது. அப்போதுதான் என் உம்மம்மா கற்றுத்தந்த அரபுத்தமிழ் நினைவுக்கு வந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறை அது. அரபியில் இல்லாத ட, ள, ஞ போன்ற ஒலிகளுக்கு எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டி எழுதுவார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் மார்க்க நூல்களை அதில் எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாத நம் மூத்த பெண்கள் குர்ஆன் ஓதக் கற்றதைக் கொண்டே அதையும் வாசித்தார்கள். கொழும்பிலும் பர்மாவிலும் தொழில் செய்த கணவன்மாருக்கு அதிலேயே கடிதம் எழுதினார்கள். வீட்டை விட்டு வெளியேறாத பெண்ணின் துயரமும் கடல் கடந்தது அந்த எழுத்தில்தான். உம்மம்மா எனக்கு 14 வயதாகும்போது மவுத்தானார்கள். அதன்பின் அதை நான் எழுதியதே இல்லை.

இஷாவுக்குப் பின் சமையலறை மேசையில் அமர்ந்து வலமிருந்து இடமாகத் தொடங்கினேன். பாக்ளிடாக்ஸல் மருந்தால் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. பேனாவைப் பிடித்திருப்பதே தெரியாது. முதல் நாள் எழுதியவை இவ்வளவுதான்: கட்டியின் அளவு, திசுப் பரிசோதனை நடந்த கிழமை, வெட்டியெடுத்த நிணநீர்க் கணுக்கள் மூன்று, நீர் வடியும் குழாய் பத்து நாள்கள். பத்து நாள்கள் என்று எழுதியதும் அந்தப் பத்து நாள்களும் திரும்பி வந்தன. குழாயை மறைக்க அகன்ற அபாயா அணிந்து மகளின் பள்ளிக்கூட விழாவுக்குப் போனது. அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டபோது வலி பொறுக்காமல் அவளைத் தள்ளிவிட்டது. அவள் முகம் மாறியது. அதையும் எழுதினேன். 20 நிமிடம் என்று எண்ணி அமர்ந்தவள் ஒரு மணி நேரம் எழுதினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். மனம் கனத்துக் கிடந்தது. ஆனால் தஹஜ்ஜுதுக்கு எழுந்து ஸஜ்தாவில் கிடந்தபோது, ரப்பே, நான் பயப்படுகிறேன் என்று சொல்ல முடிந்தது.

மூன்று வாரங்கள் எழுதிய பின் ஒரு பக்கத்தைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாச் சிகிச்சைகளுக்கும் என்னை அழைத்துச் சென்றவர். ஆயினும் நாங்கள் இருவரும் நோயைப் பற்றிப் பேசியதே இல்லை. கேட்டு முடித்து, வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "உனக்கு அறுவை நடந்தபோது வண்டி நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து யாஸீன் ஓதினேன். மனப்பாடமான சூரா. அன்றைக்கு நடுவில் மறந்து மறந்து போய், திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன்." அதை அவர் எனக்குச் சொல்ல எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் இருவருமாக மகளை அமர்த்தி நோயைப் பற்றிச் சொன்னோம். குளியலறையில் கிடந்த முடியைப் பார்த்து ஏதோ இருக்கிறது என்று முன்பே அறிந்திருந்தாள், கேட்கத்தான் அஞ்சியிருந்தாள். விழாவன்று அவளைத் தள்ளியது ஏன் என்றும் சொன்னேன். "நான் என்ன தவறு செய்தேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் உம்மா" என்றாள்.

சிகிச்சை முடிந்ததும் உம்மாவுக்கு அரபுத்தமிழில் ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் அனுப்பினேன். தொலைபேசியில் சொல்லத் துணிவில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாகியது. பின்னர் தங்கையின் வாட்ஸ்அப்பிலிருந்து இரண்டு படங்கள் வந்தன. உம்மாவின் கைப்பட எழுதிய இரண்டு பக்கங்கள். தங்கைக்கு அரபுத்தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னவென்று அறியாமலே படமெடுத்து அனுப்பியிருக்கிறாள்.

உம்மா எழுதியிருந்தார்கள்: "உன் புருவம் உதிர்ந்து போனதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய் மகளே? பெற்றவளுக்குத் தெரியாதா? நீயாகச் சொல்லும்போது சொல்லட்டும் என்றிருந்தேன். திங்களும் வியாழனும் உனக்காக நோன்பு வைக்கிறேன்." இரண்டாம் பக்கத்தில் உம்மம்மாவைப் பற்றி எழுதியிருந்தார்கள். உம்மம்மா மவுத்தானபோது எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் காய்ச்சல். மய்யித்தைக் குளிப்பாட்டிய பெண்களில் உம்மாவும் ஒருவர். அப்போதுதான் தம் தாயின் மார்பில் இருந்த புண்ணைக் கண்டார்களாம். எத்தனை காலம் மறைத்து வைத்திருந்தார்களோ, எவரிடமும் காட்டவில்லை. குளிப்பாட்டுகிறவர் மய்யித்தில் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்பது மார்க்கம். அந்த அமானிதத்தை உம்மா 30 ஆண்டுகள் காத்தார்கள்.

அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் நான் சொன்ன "இல்லை" என்ற பதிலை நினைத்துப் பார்த்தேன். உம்மாவின் மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. தம் தாயின் கண்ணியத்தைக் காத்தார்கள். ஆனால் சிந்தித்தபோது ஒன்று விளங்கிற்று. மறைக்கச் சொல்லப்பட்டது ஐபை, குறையை. நோய் ஐபு அன்று. அது அல்லாஹ்வின் நாட்டப்படி வரும் சோதனை. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவிய ஒன்று. உம்மம்மா நோயை ஐபாக எண்ணி மறைத்தார்கள். நானும் 9,000 மைலுக்கு மேல் தள்ளி, உயர்ந்த மருத்துவமனைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு, அதையே செய்தேன். நாங்கள் இருவருமே அதற்கு ஸப்ர் என்று பெயர் வைத்தோம்.

செய்தியை மருத்துவரிடம் சொன்னேன். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். அறியப்பட்ட பிழை எதுவும் அதில் காணப்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் குடும்ப வரலாறே ஒரு முக்கியச் செய்தி என்றார். என் மகளுக்கு வழக்கமான வயதுக்கு முன்னரே பரிசோதனை தொடங்க வேண்டும் என்றார். தங்கை திருநெல்வேலிக்குச் சென்று மேமோகிராம் எடுத்துக்கொண்டாள், இறையருளால் ஒன்றுமில்லை. இனி ஆண்டுதோறும் எடுப்பாள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சிறிதாயினும் பெரிதாயினும் சலிப்படையாதீர்கள் என்று கட்டளையிடுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு எழுதி வைக்கும் நாம், நம் பிள்ளைகளின் உயிரோடு தொடர்புடைய செய்தியை எழுதி வைக்க வேண்டாமா?

எழுத விரும்பும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். எழுத்து புற்றுநோயைக் குணப்படுத்தாது. அதற்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும், ஷிஃபா அல்லாஹ்விடமிருந்து. எழுத்து உள்ளத்தின் சுமையை இறக்கி வைக்க ஒரு திண்ணை மட்டுமே. உங்களுக்குக் கனவு வரும் மொழியில் எழுதுங்கள். பிழை பார்க்க வேண்டாம். உணர்வு வரவில்லை என்றால் தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதுங்கள், அதுவே போதும். கடிகாரம் வைத்து 20 நிமிடத்தில் நிறுத்துங்கள். நான் செய்தது போல் முதல் நாளே நெடுநேரம் அமர வேண்டாம். எழுதும்போது தாங்க முடியாத கலக்கம் வந்தால் பேனாவை வைத்துவிடுங்கள். அந்தக் கலக்கம் நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எழுதியதை எவருக்கும் காட்டவேண்டியதில்லை, கிழித்தும் விடலாம். எழுத இயலாதவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிந்துகொள்ளலாம். குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் குறிப்பேட்டை அனுமதியின்றித் திறக்காதீர்கள். ஆனால் நோய்வாய்ப்பட்டவரின் அருகில் அமர்ந்து, என்ன நடந்தது என்று கேளுங்கள்.

சென்ற மாதம் மதரஸாவில் என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு என் நோயைப் பற்றிச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் இருவர் தனித்தனியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது. ஆளுக்கொரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது என் மகள் சனிக்கிழமைதோறும் என்னிடம் அரபுத்தமிழ் கற்கிறாள். ட எழுத்துக்கான புள்ளியை இன்னும் தவறாகவே இடுகிறாள். வீடியோவில் உம்மா பார்த்துத் திருத்துகிறார்கள்.

உம்மம்மாவின் மஃபிரத்துக்காகவும், நோயுற்ற அனைவரின் ஷிஃபாவுக்காகவும், சொல்ல முடியாமல் தவிக்கும் உள்ளங்களுக்காகவும் துஆச் செய்யுங்கள். யா அல்லாஹ், எங்களுக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக. எங்கள் துயரை உன்னிடம் வாய் திறந்து சொல்லும் துணிவையும் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.